பூசைக்கு முன் ஆறு ரவுண்டு

பிலோமினா ஆன்ட்டியின் கை முதுகில் வந்து விழுந்தபோது எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கோயிலின் கடைசிப் பெஞ்சில் முழங்காலில் இருந்தேன். நெற்றியை முன் பெஞ்சின் மரத்தில் முட்டுக்கொடுத்திருந்தேன். வேர்வை மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. பூசை முடிந்து ஆட்கள் எழுந்து போகிற சத்தம் கேட்டது. நானும் எழுந்துவிடலாம் என்று பார்த்தால் கால்கள் இரண்டும் என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை.

"அழாதம்மா," என்றார் ஆன்ட்டி. "மூணு மாசமா உன்னைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆண்டவர் கூப்பிடுறாரு, உனக்குப் பயமா இருக்கு. அப்படித்தானே?"

அழவில்லை ஆன்ட்டி, ஃபேரர் பார்க் மைதானத்தை நான்கு ரவுண்டு ஓடிவிட்டு, அங்கேயிருந்து இங்கேயும் ஓட்டமாக வந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு மூச்சு இல்லை. தலையை எப்படியோ அசைத்தேன். அது ஆமாம் என்ற அசைவா, இல்லை என்ற அசைவா என்று எனக்கே தெரியாது. ஆன்ட்டிக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருடமாகக் கோயிலின் மரியாயின் சேனை என்ற பக்திச் சபையில் இருப்பவர், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அந்த வீட்டுக்காரருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். என் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் அம்மாவின் காதுக்கு எட்டிவிட்டது: மதலேனா மகள் அருள்ஜோதிக்குத் தேவ அழைத்தல் வந்திருக்கிறது, அவள் கன்னியாஸ்திரியாகப் போகிறாள்.

1982 ஏப்ரல் மாதம். எனக்கு இருபத்திரண்டு வயது. கன்னியாஸ்திரி ஆகிற எண்ணம் எனக்குக் கனவில்கூட வந்ததில்லை. நான் போலீஸில் சேர ஆசைப்பட்டேன்.

அந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்டால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். காலாங் ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டுகிற வேலை எனக்கு. பதினேழு வயதிலிருந்து அதே நாற்காலி. ஒரு தீபாவளிச் சமயம் சிராங்கூன் ரோட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தேன். நடுரோட்டில் ஒரு பெண் போலீஸ். என் வயதுதான் இருக்கும், உயரமும் என் உயரம்தான். கையைத் தூக்கினார். மணல் ஏற்றி வந்த ஒரு லாரி அப்படியே நின்றது. ஓட்டுநர் பேசாமல் காத்திருந்தார். என் வாழ்க்கையில் நான் எதையாவது நிறுத்தியிருக்கிறேனா என்று அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். பேருந்துகூட நான் கை காட்டினால் பாதி நேரம் நிற்காது.

விண்ணப்பம் போட்டேன். நேர்முகத்தில் தேறினேன். ஓட்டத்தில் கவிழ்ந்தேன். தோ பாயோ ஸ்டேடியத்தில் ஆறு ரவுண்டு, பதினைந்து நிமிடம். நான்காவது ரவுண்டில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டேன். மற்ற பெண்கள் என்னைத் தாண்டி இரண்டு தரம் போனார்கள். கடிகாரம் வைத்திருந்த சீன அதிகாரி அம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்து, "அடுத்த வருஷம் வா. இன்னும் ஒரு தரம்தான் கூப்பிடுவேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதட்டியிருந்தால் தேவலை. பரிதாபமாகச் சொன்னதுதான் உறுத்தியது.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் ஒரு 555 நோட்டு வாங்கினேன். கடன் எழுதி வைப்பதற்கு எல்லாரும் வாங்குகிற அந்தச் சின்ன நோட்டில் நான் மாதக் கணக்கு போட்டேன். டிசம்பருக்குள் இரண்டு ரவுண்டு நிற்காமல். ஏப்ரலுக்குள் நான்கு. ஜூனுக்குள் ஆறு. ஆகஸ்டுக்குள் ஆறும் பதினைந்து நிமிடத்துக்குள். எழுதி முடித்ததும் மனசுக்குள் ஒரு பெருமை. எழுதுவதற்குக் கால் வலிக்காது அல்லவா?

ஆரம்பத்தில் அம்மாவுக்குத் தெரிந்தேதான் ஓடினேன். போலீஸ் விஷயத்தைச் சொல்லவில்லை, உடம்புக்கு நல்லது என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஃபேக்டரியில் என் பக்கத்து நாற்காலிக்காரி பரீதாவும் கூட வந்தாள். காலை ஆறு மணிக்கு ஓரளவு வெளுத்திருக்கும். அவள் ஒரு ரவுண்டு நடந்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து என் காசியோ கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரம் சொல்லுவாள். டிசம்பரில் அவளுக்குக் கல்யாணமாகி உட்லண்ட்ஸுக்குப் போய்விட்டாள். அது போதாதென்று, வருடம் பிறந்ததும் சிங்கப்பூர்க் கடிகாரங்களை எல்லாம் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். ஒரே இரவில் காலை ஆறு மணி கும்மிருட்டாகிவிட்டது.

"ஓடுனது போதும்," என்றார் அம்மா. "இருட்டுல வயசுப் பொண்ணு தனியா மைதானத்துல ஓடுவாளா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

வேலை முடிந்து வர ஏழு மணியாகிவிடும். மாலையில் அந்த மைதானம் முழுக்கப் பந்தாடுகிறவர்கள். காலையை விட்டால் எனக்கு வேறு வேளை இல்லை. இரண்டு நாள் படுக்கையில் புரண்டேன். மூன்றாம் நாள் விடியற்காலை பாவாடைக்கு உள்ளே டிராக் பேன்ட்டை மாட்டிக்கொண்டு, "அம்மா, நான் ஆறரை பூசைக்குப் போறேன்," என்றேன். என் வாயிலிருந்து அது அத்தனை சுலபமாக வந்தது. அம்மாவின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. பூசைக்குப் போகிற பெண்ணுக்கு இருட்டாவது ஒன்றாவது? மாதா கூட வருவாள் அல்லவா?

முழுப் பொய்யாக இருக்கக் கூடாதே என்று, ஓடி முடித்துவிட்டுப் பூசையின் கடைசிப் பத்து நிமிடத்துக்குக் கோயிலுக்குள் போய்விடுவேன். பாதிப் பொய்க்குப் பாதிப் பாவம்தானே என்று ஒரு கணக்கு. பொய் சொல்லிவிட்டு நற்கருணை வாங்க மனசு ஒப்பவில்லை, அதனால் கடைசிப் பெஞ்சிலேயே இருந்துவிடுவேன். என்ன தாழ்ச்சி பாருங்கள் என்று பேசிக்கொண்டார்களாம். உடம்பு குறைந்தால்தான் கால் எழும்பும் என்று இரவுச் சோற்றை விட்டேன். தவக்காலம் முடிந்தும் பிள்ளை ஒருசந்தி இருக்கிறது என்றார்களாம். ஓடும்போது காதில் ஆடுகிறது என்று தோட்டைக் கழற்றி வைத்தேன். அதற்கு என்ன சொன்னார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிலோமினா ஆன்ட்டி சேதி சொல்லிவிட்டுப் போன அந்தச் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது, அம்மா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். சிலிகி ரோட்டில் எட்டாவது மாடியில் எங்களுடைய ஓரறை வீடு. அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா பதினைந்து வருடமாகக் கன்னியர் மடம் ஒன்றில் சமையல் வேலை பார்த்து என்னை வளர்த்தார். வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று லிஃப்டில் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன்.

"ஜோதி, இங்க வந்து உக்காரு," என்றார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உனக்கு மூணு வயசுல காய்ச்சல் வந்து, டாக்டரே கைய விரிச்சுட்டாரு. அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல முட்டி போட்டு, மாதாகிட்ட வார்த்தை குடுத்தேன். புள்ளையப் பொழைக்க வை தாயே, அவளை உனக்கே குடுத்துடுறேன்னு. இத்தனை வருஷமா உன்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியாமத் தவிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப நீயா வந்துட்ட."

என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மாவின் கைகளில் வெங்காய வாசம். "நான் பரிமாறுற மேசையில நீ உக்காந்து சாப்பிடுவ," என்றார். அவ்வளவுதான். சொல்ல வந்ததைச் சொல்லாமல் எழுந்து விளக்கைப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எனக்கு நெஞ்சுக்குள் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் ஓடினேன். வேடிக்கை என்னவென்றால், பயம் அதிகமாக அதிகமாக நேரம் குறைந்துகொண்டே வந்தது. மே மாதம் முதன்முறையாக ஆறு ரவுண்டையும் நிற்காமல் முடித்தேன், பதினேழு நிமிடம் இருபது விநாடி. ஜூன் கடைசியில் பதினாறு பத்து. மழை பெய்த நாளில் ஓடினேன், மாதவிலக்கு நாளில் ஓடினேன், தொடை பிடித்துக்கொண்ட நாளில் நொண்டிக்கொண்டே இரண்டு ரவுண்டு போனேன். ஒரு நாள் விட்டால் அந்த ஒரு நாளில்தான் தோற்றுப்போவேன் என்று ஒரு பேய் பிடித்திருந்தது. அந்த மாதம் தோ பாயோவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா என்னிடம் கேட்காமலே, "அவளுக்கு வேற இடம் பார்த்தாச்சு," என்று சிரித்துக்கொண்டே சொல்லித் திருப்பிவிட்டார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பரீதாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். உட்லண்ட்ஸிலிருந்து பஸ் மாறி மாறி இன்னும் அதே ஃபேக்டரிக்குத்தான் வந்துகொண்டிருந்தாள்.

"சொல்லிடு லா ஜோதி," என்றாள். "செலக்ட் ஆயிட்டேன்னு வை, அப்ப யூனிஃபார்மை எங்க ஒளிப்ப? முக்காட்டுக்குள்ளயா?"

"ஃபெயிலாயிட்டேன்னா?"

"ஃபெயிலானா மடத்துக்குப் போயிடுவியா?"

உண்மையில் அந்த யோசனை எனக்கு வந்திருந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. பதினைந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு தைரியம் இருக்கும், கையில் ஒரு காகிதம் இருக்கும். வராவிட்டால் எதைச் சொல்லி அம்மாவின் வார்த்தையை உடைப்பேன்? ஒன்றுக்குமே ஆகாத ஓட்டத்துக்காக மாதாவை ஏமாற்றினேன் என்றா?

ஜூலையில் ஃபேக்டரி முகவரிக்குக் கடிதம் வந்தது. ஆகஸ்ட் பதினான்கு, சனிக்கிழமை, காலை ஏழரை. அதே வாரம் அம்மா இன்னொரு சேதி கொண்டுவந்தார். ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். அன்றைக்கு மடத்துத் தலைவி மதர் என்னை அங்கே அழைத்துவரச் சொல்லியிருக்கிறாராம். "சும்மா பேசிப் பார்க்கத்தான். பயப்படாத," என்றார். பிறகு, ஏதோ பரிசு கொடுக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "திருநாள் வரைக்கும் தினமும் நானும் உன்கூட பூசைக்கு வரேன். மடத்துல லேட்டா வரேன்னு சொல்லிட்டேன்," என்றார்.

பதினைந்து நிமிடம் நாற்பது விநாடியில் நின்றிருந்தேன் அப்போது. குறைய வேண்டியது நாற்பது விநாடி, இருந்தது மூன்று வாரம்.

அடுத்த நாள் முதல் அம்மாவின் தோளோடு தோள் ஒட்டி, முழுப் பூசையும் கண்டேன். இரண்டாவது பெஞ்சு. முழங்காலில் இருக்கும்போது தொடைச் சதை தானாகத் துடித்தது. வாசகம் படிக்கிறவர் நிதானமாகப் படிக்கப் படிக்க, இந்நேரம் மூன்றாவது ரவுண்டு முடிந்திருக்கும், இந்நேரம் நான்காவது என்று என் தலைக்குள் ஓடியது. ஓடாத ஒவ்வொரு நாளும் உடம்பிலிருந்து எதுவோ ஒழுகிப் போகிற மாதிரி இருந்தது. லிஃப்ட் தாமதமாகிறது என்று சொல்லி எட்டு மாடியையும் படியில் ஏறினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபேக்டரி பின்புறம் கண்டெய்னர்கள் நிற்கிற இடத்தைச் சுற்றிச் சுற்றி, சீருடையோடு ஓடினேன். சூப்பர்வைசர் நூர்தீன் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன ஜோதி, யாராச்சும் தொரத்துறாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சிரித்தார். அந்தக் கண்டெய்னர் சுற்று எத்தனை மீட்டர் என்று எனக்குத் தெரியாது, அதனால் நேரம் குறைந்ததா கூடியதா என்றும் தெரியவில்லை. நோட்டில் மூன்று வாரமும் ஒன்றும் எழுதவில்லை.

பதினான்காம் தேதிக்கு ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். ஏழு மணிக்கு ஓவர்டைம் ஷிஃப்ட், பாதிப் பூசையில் எழுந்து போக வேண்டும் என்பது. ஒரு வாரமாக அதைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தேன். அன்று காலை அம்மா எனக்கு முன்னால் எழுந்து, மறுநாள் மடத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வாசல் கம்பியில் மாட்டியிருந்தார். அதற்கு அடியில் குனிந்துதான் வெளியே வர வேண்டியிருந்தது.

ரோச்சோர் கால்வாய் ஓரமாக நடந்தோம். தண்ணீர் வற்றிச் சேறு நாறியது. எதிரே எங்கேயோ கடை திறக்கிற இரும்புக் கதவு கடகடத்தது. அம்மா ஜெபமாலையை விரலில் சுற்றியபடி எனக்கு அரை அடி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னைக்கு என்னால பூசைக்கு இருக்க முடியாது."

"ஏன், வேலையா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அம்மாவே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் இந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு நான்காவது ரவுண்டைத் தாண்ட என்னால் முடியாது என்று அந்த நொடியில் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால் தெரியாது.

"ஓட்டம்," என்றேன். "போலீஸ்ல சேர்றதுக்கு டெஸ்ட். ஏழரைக்கு தோ பாயோ ஸ்டேடியத்துல இருக்கணும். போன வருஷமும் போனேன், ஃபெயிலாயிட்டேன். இதான் கடைசி சான்ஸ். ஜனவரியிலேர்ந்து நான் பூசைக்குப் போகலம்மா. ஃபேரர் பார்க்குல ஓடிக்கிட்டு இருந்தேன். கடைசிப் பத்து நிமிஷம் மட்டும்தான் கோயிலுக்கு வந்தேன்."

அம்மா நிற்கவில்லை. அதே வேகத்தில் நடந்துகொண்டே கேட்டார்.

"பிலோமினா நீ அழுதேன்னு சொன்னாளே?"

"வேர்வைம்மா."

"ஒருசந்தி?"

"எடை குறையணும்னு."

கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினோம். சிக்னலில் நின்றோம். பச்சை வந்தும் அம்மா ஒரு நிமிடம் அப்படியே நின்றார், பிறகு நடந்தார். திட்டுவார், அழுவார், கன்னத்தில் ஒன்று போடுவார் என்று ஒவ்வொரு அடியிலும் எதிர்பார்த்தேன். அடி வாங்கத் தயாராகத்தான் இருந்தேன். இந்த மௌனத்துக்கு நான் தயாராக இல்லை. பேசாமல் பின்னாலேயே போய், நாளைக்கு அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மடத்துக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பஸ் பிடிக்க இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது.

கோயில் வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினார். ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சேலையை இடுப்பில் இழுத்துச் செருகி, வாசற்படியிலேயே முழங்காலில் இறங்கினார்.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"வார்த்தை குடுத்தது நான்தானே? மூணு வயசுப் புள்ளையக் கேட்டா குடுத்தேன்?" தலையைத் திருப்பாமல் சொன்னார். "நான் பார்த்துக்குறேன். நீ போ. பஸ் போயிடும்."

முழங்காலாலேயே நடக்க ஆரம்பித்தார். வேளாங்கண்ணியில் நேர்ச்சை வைத்தவர்கள் மணலில் அப்படிப் போவார்கள் என்று அம்மா எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கே மணல் இல்லை, மொசைக் தரை. ஐம்பத்திரண்டு வயது. இடது முழங்காலில் ஏற்கெனவே வாதம். ஒரு முழங்காலை முன்னால் வைத்து, மற்றதை இழுத்து, மூச்சு விட்டு, மறுபடியும். கடைசிப் பெஞ்சைத் தாண்டினார். அதற்கு முந்தையதைத் தாண்டினார். பீடம் வெகுதூரத்தில் இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பிலோமினா ஆன்ட்டி சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தபடியே இருந்தது இப்போதும் கண்ணில் இருக்கிறது.

ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. தூக்கினால் எழுந்திருக்க மாட்டார் என்பதும் தெரிந்திருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் கடிகாரம் பார்த்த மகள் நான். அம்மா பாதித் தூரத்தில் இருந்தபோது நான் திரும்பிப் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன்.

ஸ்டேடியத்தில் பதினோரு பேர். எனக்கு எண் எட்டு. அதே அதிகாரி அம்மா. என்னை அடையாளம் தெரிந்ததோ என்னவோ, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. விசில் ஊதினார்கள். முதல் வளைவு தாண்டிய பிறகுதான் கடிகாரத்தில் பொத்தானை அமுக்க மறந்துவிட்டேன் என்று தெரிந்தது. ஒரு வருடமாக விநாடி விநாடியாக எண்ணிய எனக்கு, எண்ண வேண்டிய நாளில் கையில் ஒன்றும் இல்லை. தலை சுற்றியது. முதல் ரவுண்டில் எல்லாரும் வேகமாகப் போனார்கள், நானும் பின்னாலேயே போனேன், போகக் கூடாது என்று தெரிந்தும் போனேன். இரண்டாவதில் வாய் உலர்ந்தது. மூன்றாவதில் அடிவயிற்றில் அந்தப் பழைய பிடிப்பு லேசாக எட்டிப் பார்த்தது. அம்மா பீடத்துக்குப் போயிருப்பாரா? நடுவில் விழுந்திருந்தால்? சாமியார் வந்து தடுத்திருந்தால்? பிலோமினா ஆன்ட்டி இந்நேரம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்?

நான்காவது ரவுண்டில், போன வருடம் நான் உட்கார்ந்த புல் வந்தது. யாரும் சொல்லாமலே கால் அந்தப் பக்கம் சாய்ந்தது. மனசு என்ன சொன்னது என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. வலித்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐந்தாவதில் ஒரு பெண் ஓரமாக நின்று வாந்தி எடுத்தாள். ஆறாவதில் எனக்கு முன்னால் ஆறு பேர் போய்க்கொண்டிருந்தார்கள், அவர்கள் முதுகைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை.

கோட்டைத் தாண்டியதும் அதிகாரி அம்மா கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் எதையோ எழுதினார். நான் நேரம் என்ன என்று கேட்டேன். அட்டையை மார்போடு திருப்பி வைத்துக்கொண்டு, "கடிதம் வரும்," என்றார். இந்த முறை அவர் குரலில் பரிதாபம் இருக்கவில்லை. வேறு என்ன இருந்தது என்பதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பதினோரு மணி. கதவு சும்மா சாத்தியிருந்தது. வாசல் கம்பியில் வெள்ளைச் சட்டை இல்லை. அம்மா தரையில் சுவரோடு சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். சேலை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்து, ஓரமெல்லாம் கன்றிப்போயிருந்தது. அருகில் கோடாலித் தைலப் புட்டி. சனிக்கிழமையில் மடத்து வேலைக்குப் போகாமல் அம்மா வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை.

எதிரே உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட விழுந்தேன் என்று சொல்ல வேண்டும். என் காலும் தானாக நீண்டது. இரண்டு பேர் பாதமும் தொட்டுக்கொள்ளாமல் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன.

"நாளைக்கு மடத்துக்கு நான் மட்டும் போறேன்," என்றார் அம்மா.

"மதர்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

"தெரியல."

கீழே ரோட்டில் பஸ்கள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தேறினேனா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால், தெரியாது என்று சொன்னால், அதையும் நம்புவாரா? எட்டு மாதப் பொய்க்குப் பிறகு நான் சொல்வதை அவர் ஏன் நம்ப வேண்டும்? மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

அம்மா தைலப் புட்டியை எடுத்துக்கொண்டே கேட்டார். "நடுவுல நின்னியா?"

"இல்லம்மா. நிக்கல."

"நானும் நிக்கல," என்றார்.

பிறகு என் இடது காலைக் கணுக்காலில் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். தைலத்தை உள்ளங்கையில் கவிழ்த்து என் கெண்டைக்காலில் தேய்க்க ஆரம்பித்தார். மெதுவாகத் தேய்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, எலும்பில் படுகிற அளவுக்கு அழுத்தித் தேய்த்தார். கண்ணில் நீர் முட்டுகிற அளவுக்கு வலித்தது. நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.